பிள்ளை பேரில் ஒரு நூலக அட்டை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷத்துக்குள் முடிக்கச் சொல்லிச் செயலாளர் உத்தரவு. ஆகவே ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுகிறேன்.

சொந்த வீட்டுக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நடக்கிற நூலகத்தில் உங்கள் பிள்ளைக்கு ஓர் அட்டை இருக்கிறதா? கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. காசு கொடுத்த சாமானை யாராவது கடையிலேயே விட்டுவிட்டு வருவோமுங்களா?

இந்த ஏற்பாட்டில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. நூலகச் சட்டம் வேண்டுமென்று பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், திருப்பூரில் பிறந்து, 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். யாரோ ஒரு புண்ணியவானின் தயவில் நடந்து வந்த நூலகத்துக்கு, அந்தச் சட்டத்தால் நிலையான வருமானம் கிடைத்தது.

அட்டை வாங்குவது பெரிய வேலை இல்லை. முகவரிச் சான்று, சிறிய காப்புத் தொகை, சந்தா, அவ்வளவுதான். ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அது தூரம் என்றால், பக்கத்திலேயே ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும்.

ஆனால், அட்டையைப் பிள்ளை பேரிலேயே வாங்குங்கள். கையெழுத்தும் பிள்ளையே போடட்டும். புத்தகத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். படக்கதையை எடுத்தால், "இதைப் படிச்சா மார்க் வருமா?" என்று அதட்ட வேண்டாம். திருப்பிக் கொடுக்கிற தேதியை அவர்களே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். பொதுப் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரும் பழக்கம் எட்டு வயதிலேயே வந்துவிடும்.

"புத்தகம் வேணும்னா கடையிலயே வாங்கிக் குடுத்துடலாமே" என்பீர்கள். நம்மால் முடியும். விசைத்தறி ஓட்டுகிறவர் பிள்ளைக்கும், பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்கும் அந்தக் கிளை நூலகத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆள் வராத நூலகத்தில் புதுப் புத்தகம் கேட்கவும் ஆளில்லை, ஒழுகுகிற கூரையைப் பற்றிப் புகார் சொல்லவும் ஆளில்லை. நம் பிள்ளைகளும் அங்கே போனால்தான் நாமும் கேட்போம். நாம் கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவில் ஒரே ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். படிவம் நிரப்பக் கூட இருந்து உதவுங்கள்.