நூலும் பெயரும்: கணினி அமைப்புகளின் ஒருங்கிணைப்பை வகுப்பறையில் கற்பித்தல்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு 'கணினி அமைப்புகளின் ஒருங்கிணைப்பு'. இது கல்லூரிப் பேராசிரியர்கள் பேச வேண்டிய பொருள், ஒன்றாம் வகுப்பு எடுக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவள் என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு மாணவி.

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்து சில மாதங்கள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மாற்றுச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக். உடன் படிப்பவர்களுக்கு உதவித்தொகை வந்துவிட்டது, பெயர் பொருந்தவில்லை என்று அவளுடைய விண்ணப்பம் மட்டும் நின்றுபோயிருந்தது. மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தோம். பள்ளிப் பதிவில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது. ஆதாரில் பின்னால் இருந்தது. வங்கியில் தலைப்பெழுத்துக்குப் பதிலாக அப்பாவின் முழுப்பெயரே இருந்தது. போதாததற்கு, பள்ளிப் பதிவில் அவள் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஓர் 'எச்' விடுபட்டிருந்தது. அந்தப் பதிவைச் செய்தது வேறு யாருமில்லை, நானேதான். மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் செய்தது.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன் மிஸ், எல்லாமே கம்ப்யூட்டர்லதானே இருக்கு? அதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதா?"

இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் கல்லூரிகளில் 'நிறுவன அமைப்புகளின் ஒருங்கிணைப்பும் கட்டமைப்பும்' என்று ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்தில் கணக்குக்கு ஒரு மென்பொருள், சரக்கிருப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை அவை. அவற்றைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது ஒருங்கிணைப்பு. எதை எதனோடு, எந்த வழியில் இணைப்பது என்று முன்கூட்டியே திட்டமிடுவது கட்டமைப்பு.

நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் இதைப் படிக்கும்போது கருவிகளின் பெயர்களையும் சுருக்கப் பெயர்களையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அடிப்படை மனதில் பதிவதில்லை. அந்த அடிப்படைக்குக் கணினியே தேவையில்லை. ஒரு நூற்கண்டும் சில அட்டைகளும் போதும். நான் என் வகுப்பில் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

ஆறு மாணவர்களை வட்டமாக நிற்க வைக்கிறேன். ஒருவர் சேர்க்கைப் பதிவேடு, ஒருவர் வருகைப் பதிவேடு, மற்றவர்கள் நூலகம், சத்துணவு, தேர்வு, உதவித்தொகை. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் எல்லோருக்கும் தெரிய வேண்டும். எனவே ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒரு நூலால் இணைய வேண்டும். எண்ணிப் பார்த்தால் 15 நூல்கள். இப்போது விளையாட்டுத் துறை என்று ஏழாவதாக ஒருவரைச் சேர்க்கிறேன். 21 நூல்கள். வட்டம் சிக்கலாகிவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் கேட்பேன்: "100 பேர் இருந்தால்?" கணக்கில் ஆர்வம் உள்ள பிள்ளை 100ஐ 99ஆல் பெருக்கி 2ஆல் வகுத்து 4,950 என்று சொல்லிவிடும்.

பிறகு நடுவில் ஒருவரை நிறுத்துகிறேன். எல்லா நூலும் அவர் கையில். ஏழு பேருக்கு ஏழு நூல், நூறு பேருக்கு நூறு நூல். டீக்கடையில் கியூஆர் அட்டையைக் காட்டிப் பணம் அனுப்புகிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. நம் வங்கியும் கடைக்காரரின் வங்கியும் தமக்குள் தனியாக வழி போட்டுக்கொள்வதில்லை. இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016இல் கொண்டுவந்த யுபிஐ நடுவில் நிற்கிறது.

இங்கேயே நிறுத்திவிட்டால் பாடம் பாதிதான். நடுவில் நிற்கும் மாணவரின் காதில் ரகசியமாகச் சொல்வேன், "நீ கொஞ்ச நேரம் தூங்கு." அவர் கண்ணை மூடிக்கொள்வார். எல்லாம் நின்றுபோகும். 15 நூல்கள் இருந்தபோது ஒன்று அறுந்தால் ஒரு வழிதான் போனது, இப்போது ஒருவர் தூங்கினால் எல்லாமே போகிறது. எந்தக் கட்டமைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்ளும் இடம் இது. அப்போது யாராவது ஒருவர், "அவர் பக்கத்தில் ஒரு பெட்டி வைக்கலாம் மிஸ், எழுந்ததும் எடுத்துப் பார்க்கட்டும்" என்பார். கல்லூரியில் இதற்குச் 'செய்தி வரிசை' என்று பெயர். நமக்குத் தபால் பெட்டி. தொலைபேசியில் பேச வேண்டுமானால் மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும். கடிதத்துக்கு அது தேவையில்லை.

பெட்டி வைத்ததும் இன்னொரு சிக்கல் வரும். பதில் வரவில்லையே என்று சேர்க்கைப் பதிவேடு அதே அட்டையை மறுபடியும் போடும். சத்துணவுக்காரர் இரண்டு அட்டைகளையும் பார்த்து இரண்டு பேருக்குச் சமைத்துவிடுவார். வந்திருப்பதோ ஒரே பிள்ளை! என்ன செய்யலாம்? அட்டைக்கு எண் போட வேண்டும். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். நாம் பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பரிவர்த்தனை எண் வருகிறதே, அது எதற்கு என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது, எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. இதற்கு ரயில் முன்பதிவைச் சொல்வேன். கணினி முன்பதிவு 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று தனித்தனி மையங்கள் வந்தன. 1999இல் இந்த ஐந்தும் இணைக்கப்பட்டன. எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் கொட்டவில்லை. ஒவ்வொரு மையமும் தனக்குரிய வண்டிகளின் இடங்களைத் தானே வைத்துக்கொண்டது. எந்த ஊர்க் கவுன்ட்டரில் கேட்டாலும் கேள்வி உரிய மையத்துக்குப் போய்ப் பதிலோடு திரும்பியது. ஒரே படுக்கையை இரண்டு மையங்கள் இரண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது என்றால், அந்தப் படுக்கைக்கு ஒரு மையம்தான் பொறுப்பாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் இது பொருந்தும். ஐந்து பதிவேட்டில் ஐந்து பேர் திருத்தினால் ஐந்து பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

இனி அறிவியல் ஆசிரியர்களுக்கு. 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா செவ்வாய்க் கோளுக்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்று பெயர். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது அதன் தொடர்பு அறுந்தது. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம், கணக்கிட்டுப் பார்த்ததில், 57 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. காரணம் என்ன? தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். இரண்டுக்கும் இடையே எண்கள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. விடையின் பக்கத்தில் அலகு எழுதவில்லை என்று நாம் அரை மதிப்பெண் குறைக்கும்போது பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் மின்னணுத் தரவுப் பரிமாற்றம் என்றொரு பாடம் இருக்கிறது. பல ஆசிரியர்கள் அதை வரையறை எழுத வைத்து முடித்துவிடுகிறோம். அதன் தொடக்கம் நல்ல கதை. 1948இல் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளைச் சோவியத் ஒன்றியம் அடைத்தது. அங்கிருந்த மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் போக வேண்டியிருந்தது. சரக்குப் பட்டியல்களோ பல மொழிகளில், பல வடிவங்களில் வந்தன. அப்போது அமெரிக்க இராணுவத்தில் இருந்த எட்வர்டு கில்பர்ட்டும் உடனிருந்தோரும், எல்லோரும் ஒரே மாதிரி நிரப்பும் பட்டியலை உருவாக்கினார்கள். டெலக்ஸிலும் அனுப்பலாம், தொலைபேசியிலும் வாசிக்கலாம். அங்கே கணினியே இல்லை, உடன்பாடு மட்டும்தான் இருந்தது. கணினி பின்னால் வந்து அந்த உடன்பாட்டின் மேல் ஏறிக்கொண்டது. 1987இல் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் வந்த எடிஃபாக்ட் தரம் வரை அந்தப் பாதை நீள்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். அமைப்புகளை இணைப்பது கம்பியும் மென்பொருளும் மட்டும் அல்ல. எதை எப்படி எழுதுவது, எதற்கு யார் பொறுப்பு, செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்று மனிதர்கள் முதலில் ஒத்துக்கொள்வதுதான் இணைப்பு. இதைப் பள்ளியிலேயே உணர்ந்த பிள்ளை கல்லூரியில் எந்தக் கருவியைக் கண்டும் மிரளாது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை மிக எளிதாகச் செய்யலாம். காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். கடைசிப் பிள்ளைக்கு வரும்போது செய்தி தலைகீழாக மாறியிருக்கும். அடுத்து அதே செய்தியை 'யார், என்ன, எத்தனை' என்று மூன்று கட்டங்கள் கொண்ட அட்டையில் எழுதிக் கடத்தச் சொல்லுங்கள். செய்தி மாறாமல் போய்ச் சேரும். ஏன் மாறவில்லை என்று கேளுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை சொல்லும் பதில்தான் இந்தப் பாடத்தின் முதல் வரி. தேதியையும் இப்படிக் காட்டலாம். 03/04 என்று கரும்பலகையில் எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. ஒரு பிள்ளை முதன்முதலாகப் பள்ளிப் பட்டியலில் ஏறுவது நம் விரல்களால்தான். யூடைஸ் எண் 11 இலக்கம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊர், பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் அதில் இடம் உண்டு. ஓர் இலக்கம் மாறினால் பள்ளியே மாறிவிடும். பள்ளிக்கே இப்படி என்றால் பிள்ளையின் பெயருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! ஒன்றாம் வகுப்பில் விடுபட்ட ஓர் எழுத்து, பிள்ளையோடு சேர்ந்து வகுப்பு வகுப்பாகத் தேர்ச்சி பெற்றுக் கல்லூரி வரை போய்விடுகிறது.

அந்த மாணவி வந்து போனதிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்குகிறேன். பிள்ளைகள் அவரவர் ஆதார், பாஸ்புக் நகல்களைக் கொண்டுவந்து, பள்ளிப் பதிவின் அச்சுப்படியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார்கள். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்பதால் அவரவர் தாளை அவரவரே பார்ப்பது என்பது விதி. ஒவ்வோர் ஆண்டும் சிலருக்கு வேறுபாடு வரத்தான் செய்கிறது. எந்த ஆவணத்தைத் திருத்துவது, அதற்கு யாரிடம் போவது என்று பெற்றோரை வைத்துப் பேசி முடிவு செய்கிறோம். தரவுத்தளப் பாடத்தில் வரும் முதன்மைத் திறவுகோலை அந்த வாரமே நடத்துகிறேன். பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது ஏன் ஆபத்து என்று அப்போது நான் விளக்கவே வேண்டியதில்லை.

அந்த மாணவியின் பெயர் ஒருவழியாகத் திருத்தப்பட்டது, உதவித்தொகையும் வந்தது. ஆனால் அதற்குள் அவளுடைய அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்திருந்தார். அந்த மூன்று நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். "பேசிக்கும்மா. ஆனா நாம எழுதிக் கொடுத்ததைத்தான் பேசும்."