பழைய கதை நினைவிருந்தால் போதுமா?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மலருக்குப் படங்கள் சேர்ப்பதற்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போனோம். ஐம்பது வருடத்துக்கு முந்திய வகுப்பில் யார் எந்த வாங்கில் இருந்தார் என்று பெயர் பெயராகச் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குள் மூன்று தடவை, "தேத்தண்ணி குடிச்சீங்களா மகள்?" என்றும் கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டோம். வாசலில் அவருடைய மகள் மெதுவாகச் சொன்னார்: இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போன உம்மா, திரும்பிவர வழி தெரியாமல் நின்றாராம். "வெளிநாட்டில இருக்கிற காக்கா நம்புறாரில்ல. என்னோட போன்ல நல்லாத்தானே கதைக்கிறா என்கிறார்."

காக்காவைப் போலத்தான் நாங்களும் ஏமாந்தோம். மறதி நோய் பெரும்பாலும் புதிய நினைவைத்தான் முதலில் பிடிக்கும். பழையது நெடுநாள் நிற்கும். ஆகவே பழைய கதையைச் சரியாகச் சொல்வது சுகத்துக்கு அத்தாட்சி அல்ல.

மறதி எல்லாம் நோயும் அல்ல. ராகமையில் 65 வயதைக் கடந்தோரிடம் செய்து 2003இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடமே நோயைக் கண்டது. சாவியை வைத்த இடம் மறப்பதும், ஒரு பெயர் பிந்தி நினைவுக்கு வருவதும் வயதின் இயல்பு. தொழுகையில் ரக்அத் தடுமாறுவது எல்லோருக்கும் உண்டு. அதற்கென்றே ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. ஆனால் லுஹர் தொழுது சற்று நேரத்தில் மறுபடி வுழூ எடுக்கப் போவதும், "இப்பதானே தொழுதீங்க" என்றாலும் நினைவு வராததும் வேறு. நாளாந்தம் சமைத்த கறியின் பக்குவம் தவறுவது, காசுக்கணக்கு பிசகுவது, தானே ஒளித்துவைத்த நகையைக் களவு போனதென்பது ஆகியனவும் கவனிக்க வேண்டியவை.

இவற்றைக் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் குறைவு, விற்றமின் பீ12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்கக் குளிசைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குப் பரிகாரம் உண்டு. அல்சைமர் நோயை மாற்ற முடியாதுதான். ஆனாலும் முந்தி அறிந்தால் அடுப்பு, மருந்து, காணி உறுதி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யலாம். ஓரிரு நாளில் திடீரெனத் தடுமாற்றம் வந்தால் அது சலக்கிருமியாகவோ சீனி இறங்கியதாகவோ இருக்கலாம்; அன்றே கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும்.

நமது ஊர்களில் வீடு மகளுக்கு; உம்மாவும் மகளோடுதான். மாற்றத்தை முதலில் காண்பவர் அவர்தான். தோஹாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, அடுத்த முறை போன் எடுக்கும்போது பழைய கதையோடு நிறுத்திவிடாமல், காலையில் என்ன சாப்பிட்டா, நேற்று யார் வந்தார் என்றும் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பரீட்சை வைக்க வேண்டாம், வெட்கப்படுத்தவும் வேண்டாம். பிறகு வீட்டிலிருக்கும் சகோதரியிடம் கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.

அந்தக் காக்காவுடன் நாங்களே கதைத்தோம். இப்போது டீச்சரை வைத்தியரிடம் காட்டுகிறார்கள். அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.