நடுச்செவியில் நிற்கும் சிறு தூண்



தமிழில் ‘கேள்’ என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். செவி மங்கியவர் நாளடைவில் இவ்விரண்டையும் இழக்கிறார். முதலில் ஒலி குறைகிறது. “என்ன? என்ன?” என்று சில காலம் வினவிப் பார்க்கிறார். எதிரில் நிற்பவர் முகத்தில் சலிப்பைக் கண்டதும் அதையும் நிறுத்திவிடுகிறார். ‘அவர் அதிகம் பேசமாட்டார்’ என்று வீட்டார் அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிடுகிறார்கள். கேள்திறன் ஏதேனும் ஓர் அளவில் குறைந்தோர் உலகில் 150 கோடிக்கு மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்த எண்ணிக்கைக்குள் எத்தனை மௌனங்கள் அடங்கியுள்ளன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவர்கள் அனைவரும் ஒரு வகையினர் அல்லர். ஒலியை உள்ளே கொண்டுசெல்லும் வழி பழுதுபடுவது ஒரு வகை. ஒலியை உணர்ந்து மூளைக்கு அனுப்பும் உட்செவியும் நரம்பும் மங்குவது மற்றொரு வகை. முதுமையில் பெரும்பாலும் வருவது இரண்டாவது. அவர்கள், “சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை” என்பார்கள். முதல் வகையினருக்கோ உரக்கச் சொன்னால் சொல் தெளிவாகவே விளங்கும். தம் குரல் எலும்பின் வழியே தமக்கு நன்றாகக் கேட்பதால் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855இல் விவரித்த இசைக்கவைச் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. அதிரும் இசைக்கவையைக் காதின் பின்புற எலும்பில் ஊன்றி, பின்னர்க் காதின் முன் பிடிப்பார்கள். காற்றின் வழி கேட்பதைவிட எலும்பின் வழி மிகுதியாகக் கேட்டால், பழுது பெரும்பாலும் வழியில்தான் இருக்கிறது. டைட்டானியம் என்னும் உலோகம் உதவுவது இவ்வழிப் பழுதுக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாமல், செய்தியைக் கேட்டவுடன் எண்பது வயதுப் பாட்டனாரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

செவிப்பறைக்குப் பின்னே, காற்று நிறைந்த ஒரு சிற்றறை உண்டு. அதுவே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்புகள் அங்கே சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. கொல்லுப்பட்டறையிலிருந்து இரண்டு பெயர்கள். குதிரைச் சேணத்திலிருந்து ஒன்று. உடலிலேயே மிகச் சிறிய எலும்பான அங்கவடியின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 3 மில்லிகிராம். ஓர் அரிசிமணி இதைவிடப் பன்மடங்கு கனமானது. இம்மூன்றும் குழந்தை பிறக்கும்போதே முழு வளர்ச்சி பெற்றிருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

இச்சங்கிலி எதற்காக? உட்செவியில் இருப்பது நீர்மம். காற்றில் வரும் ஒலி நேரே நீரில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே உட்புகும், எஞ்சியது திரும்பிவிடும். குளத்தில் மூழ்கியவனுக்குக் கரையில் நிற்பவரின் பேச்சு கேளாதிருப்பது இதனால்தான். இந்த இழப்பை ஈடுசெய்யவே இயற்கை ஓர் உத்தியைக் கையாண்டிருக்கிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டோ 3 சதுர மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அகன்ற பரப்பில் வாங்கிய விசை குறுகிய பரப்பில் குவிவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. நெம்புகோல் போன்ற எலும்பமைப்பு அதனை மேலும் சிறிது கூட்ட, மொத்தம் 22 மடங்கு ஆகிறது. செவிப்பறை முழுமையாக இருந்தும் சங்கிலி அறுந்துவிட்டால் கேள்திறன் 60 டெசிபல் வரை குறையலாம். இயல்பான உரையாடலின் அளவே ஏறத்தாழ அவ்வளவுதான்.

சங்கிலி அறுவது எப்படி? தலையில் அடிபட்டு எலும்புகள் விலகுவது உண்டு. பிறவிக் குறையும் உண்டு. ஆயினும் இந்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் காரணம், ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரின்றி ஒழுகும் காது. மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் அடைபட்டு, செவிப்பறை ஓட்டையாகி, சீழ் வடிகிறது. மூன்று எலும்புகளில் முதலில் கரைவது பெரும்பாலும் பட்டடையின் நீண்ட முனையே. அதற்குக் குருதியோட்டம் குறைவு. சிலருக்குச் செவிப்பறையின் தோல் உள்நோக்கி வளர்ந்து ‘கொலஸ்டியட்டோமா’ என்னும் பையாகிறது. அது தான் தொடும் எலும்பையெல்லாம் அரித்துக்கொண்டே போகும். மூளையுறை வரை சென்று உயிருக்கு ஊறு செய்வதும் உண்டு. ‘பிள்ளைக்குக் காது ஒழுகுவது இயல்பு, வளர்ந்தால் நின்றுவிடும்’ என்ற வாய்மொழி எவ்வளவு எலும்பைக் கரைத்திருக்கிறதோ! பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் பழக்கமும் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஓட்டை விழுந்த செவிப்பறை வழியே அந்த எண்ணெய் எங்கே போகிறது என்பதை ஊற்றுவோர் எண்ணுவதில்லை.

அறுந்த சங்கிலியை மீண்டும் இணைக்கும் முயற்சி 1950களில் ஜெர்மனியில் வேரூன்றியது. வுல்ஸ்டைன், ட்சோல்னர் என்னும் இரு மருத்துவர்கள் செவிப்பறையையும் நடுச்செவியையும் சீரமைக்கும் முறைகளை வகுத்தனர். 1953இல் கார்ல் சைஸ் நிறுவனம் வெளியிட்ட அறுவை நுண்ணோக்கி அவர்களுக்குத் துணையாயிற்று. எலும்பின் இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கேட்டது, பின்னர் உடல் அதை ஏற்காமல் செவிப்பறையைத் துளைத்து வெளியே தள்ளிற்று. 1956 மே மாதம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே, இறுகிப்போன அங்கவடியை அகற்றி டெஃப்லானால் செய்த ஒன்றைப் பொருத்தி வெற்றி கண்டார். ஆனால் அது வேறு நோய். சீழ்ப்பிடித்த காதின் சிக்கல் தீரவில்லை. நோயாளியின் சொந்த எலும்புத் துண்டையே செதுக்கி வைக்கும் முறை நன்று. இன்றும் பல மருத்துவர்கள் அதையே முதலில் நாடுகிறார்கள். எனினும் அரிக்கப்பட்ட காதில் செதுக்குவதற்கு எலும்பு எஞ்சியிருக்க வேண்டுமே! பிறகு நுண்துளைப் பிளாஸ்டிக்கும், எலும்பின் கனிமத்தை ஒத்த பீங்கானும், தங்கமும் வந்தன. 1990களில் ஜெர்மானிய மருத்துவர்கள் டைட்டானியத்தைக் கொணர்ந்தார்கள்.

கிரேக்கக் கதைகளில் வரும் டைட்டன் என்னும் பேருருவினரின் பெயரை 1795இல் கிளாப்ரோத் இவ்வுலோகத்துக்கு இட்டார். பேருருவினர் பெயர் கொண்ட உலோகம் உடலின் மிகச் சிறிய எலும்புக்கு மாற்றாக வந்தது சுவையான முரண். அதன் தாது இல்மனைட்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் நிறைய உண்டு. கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம்தான் எடை. தங்கத்தின் எடையில் நான்கில் ஒரு பங்கும் இல்லை. காற்றுப் பட்டவுடன் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாவதால் உடல்நீரில் அரிபடுவதில்லை. காந்தத்தால் இழுக்கப்படாததால் எம்.ஆர்.ஐ. சோதனைக்கும் பொதுவாகத் தடையில்லை. கனமான பொருள் உயர்ந்த அதிர்வெண்ணில் சோம்பிவிடும். ‘கல்’, ‘பல்’, ‘சொல்’ என்னும் சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் அந்த உயர் அதிர்வுகளில்தான் இருக்கின்றன. எனவே இலேசாக இருப்பது இங்கே இன்றியமையாத் தகுதி.

பொருத்தப்படும் உறுப்பு சில மில்லிகிராம் எடையும் சில மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு தூண். மேலே துளைகளுள்ள தட்டு. கீழே மெல்லிய தண்டு. துளைகளின் வழியே பார்த்தபடி மருத்துவர் தண்டின் முனையைச் சரியான இடத்தில் இருத்த முடிகிறது. அங்கவடி நலமாக இருந்தால் அதன் தலையில் பொருந்தும் குட்டையான தூண். அடித்தட்டு மட்டும் எஞ்சியிருந்தால் நெடிய தூண். முன்னதில் பயன் மிகுதி. பின்னது சாய்ந்துவிடும் வாய்ப்பு கூடுதல். மூன்று எலும்பின் வேலையை ஒரு தூண் செய்வது புதுமை போலத் தோன்றும். ஆனால் கிளிக்கும் மைனாவுக்கும் நடுச்செவியில் இருப்பது ஒரே எலும்புதான். அவை இன்னிசை கேட்கவில்லையா?

உலோகத் தட்டு நேரே செவிப்பறையைத் தொட்டால் நாளடைவில் துளைத்துக்கொண்டு வெளிவரும். ஆகவே நோயாளியின் காதுமடலிலிருந்தே ஒரு சீவல் குருத்தெலும்பை எடுத்து இடையே வைக்கிறார்கள். வியந்து போற்றப்படுவது டைட்டானியம். அதைக் காத்து நிற்பது இந்தச் சீவல். அதற்கும் முன்பாகக் காதில் சீழும் கொலஸ்டியட்டோமாவும் அறவே நீங்கியிருக்க வேண்டும். நடுச்செவியில் காற்றோட்டம் இருக்க வேண்டும். இதனால் முதல் அறுவையில் நோயை மட்டும் நீக்கி, பல மாதங்கள் பொறுத்து இரண்டாம் அறுவையில் தூணை நிறுத்துவதும் உண்டு. “ஒரே நாளில் முடித்துவிடுங்கள்” என்று மருத்துவரை நெருக்குவோர் இதை உணர்தல் நன்று.

2019 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஸ்டீவ் பிகோ மருத்துவமனையில் பேராசிரியர் மஷூடி ட்ஷிஃபுலாரோ வேறொரு வழியைக் காட்டினார். வாகன விபத்தில் நடுச்செவி சிதைந்த ஒருவருக்கு, எலும்புகளின் வடிவிலேயே முப்பரிமாண அச்சில் டைட்டானியத்தால் செய்தவற்றைப் பொருத்தினார். தூணுக்கு மாற்றாகச் சங்கிலியையே மீட்கும் எண்ணம் இது. அரசு மருத்துவமனையில் இது நிகழ்ந்தது பாராட்டுக்குரியது. ஆனால் பத்தாண்டு, இருபதாண்டு கழித்தும் கேட்கிறதா என்பதே காது அறுவையின் உரைகல். அந்த உரைகல்லில் ஜெர்மானியர் வகுத்த எளிய தூண் ஏற்கெனவே உரசப்பட்டுவிட்டது.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் காதில் நீர் புகலாகாது. மூக்கை வன்மையாகச் சிந்தலாகாது. விமானப் பயணத்துக்கு மருத்துவர் இசைவு வேண்டும். சுவை நரம்பு ஒன்று நடுச்செவியின் குறுக்கே ஓடுவதால் நாவின் ஒரு புறம் சில மாதங்கள் சுவை மாறுவது உண்டு. முகத்தை அசைக்கும் நரம்பும் அருகில் செல்வதால் தேர்ந்த கை வேண்டும். இழந்தது முழுவதும் திரும்புவது அரிது. 20 டெசிபலுக்குள் இடைவெளி குறைந்தாலே மருத்துவர்கள் அதை வெற்றி என்கிறார்கள். சிலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை. அவர்களுக்குக் கேட்கும் கருவி உண்டு. அதை அணிய வெட்கப்படுவானேன்? இரு செவியும் பழுதுபட்டிருப்பின், குறைவாகக் கேட்கும் செவியிலேயே மருத்துவர்கள் பொதுவாக முதலில் கைவைப்பார்கள். அங்கே பயன் கிட்டாது போயினும், மற்றச் செவியில் இருப்பது இருக்கும்.