நூலுக்கு மறுமொழி நூலே

(குன்றத்தூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேச்சுரிமையும் அதன் எல்லையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. நம் முன்னோரை இழித்துரைக்கின்றது என்று ஒரு கதைநூலைச் சுட்டி, அதனைத் தடைசெய்யுமாறு கலெக்டருக்கு விண்ணப்பம் விடுத்தல் வேண்டும், வேண்டுமாயின் ஊர்வலமும் நடத்தல் வேண்டும் என்னும் தீர்மானம் ஒன்று நம் செயற்குழுவின்முன் உள்ளது. அதன்மேல் கைதூக்குமுன், சட்டம் யாது கூறுகின்றது, நம் முன்னோர் இத்தகைய நிலையில் யாது செய்தனர் என்னும் இரண்டையும் அறிந்துகொள்ளுதல் நலம். அந்நூலின் பெயரை யாம் ஈண்டுக் கூறோம். அதனை முழுதும் படித்தவர் நம்முள் மிகச் சிலரே என்பதை மட்டும் குறிப்பிடுகின்றோம்.

பேச்சுரிமை என்றவுடன் உலகத்தார் அமெரிக்க நாட்டைச் சுட்டுவர். 1791 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், பேச்சுரிமையையும் பத்திரிகையுரிமையையும் குறைக்கும் சட்டத்தை அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இயற்றலாகாது என்று விதிக்கின்றது. எல்லை ஒன்றும் அதன்கண் எழுதப்படவில்லை. ஆயினும் எல்லையற்ற உரிமை எந்நாட்டிலும் இன்மையின், அவ்வெல்லையை நீதிபதிகளே வழக்குத்தோறும் வகுத்துக்கொண்டனர். முதல் உலகப்போரில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பியவர்க்கு இட்ட தண்டனையை 1919 இல் உறுதிசெய்தபோது, நாடகக் கொட்டகையில் தீயென்று பொய்யாகக் கூவிக் கலக்கம் விளைப்பவனை எவ்வுரிமையும் காவாது என்றார் நீதிபதி ஹோம்ஸ். ஐம்பதாண்டு கழித்து, 1969 இல், அந்நீதிமன்றமே எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தது. உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது விளையக்கூடிய நிலையும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒருவன் பேச்சைத் தண்டிக்கலாகாது என்பது அன்றுமுதல் அங்கே விதியாயிற்று.

நம் நாட்டார் வேறு வழி கொண்டனர். அரசியலமைப்பின் 19 ஆம் பிரிவில் உரிமையை ஓர் உட்பிரிவாகவும், அதன் எல்லையை அடுத்த உட்பிரிவாகவும் எழுதிவைத்தனர். அவ்வெல்லையின் இன்றைய வடிவுக்கு நம் சென்னை மாகாணம் பெரிதும் காரணமாயிருந்தது என்பதை நம்மவருட் பலர் அறியார்.

பம்பாயில் ரொமேஷ் தாப்பர் என்பவர் நடத்திய "கிராஸ் ரோட்ஸ்" என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துள் வரலாகாது என்று 1950 மார்ச்சு மாதத்தில் நம் மாகாண அரசினர் ஆணையிட்டனர். பொது அமைதி காத்தற்பொருட்டு என்பது அவர் கூறிய காரணம். அவ்வாண்டு மே 26 ஆம் நாள் உச்சநீதிமன்றத்தார் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். பொது அமைதி என்னும் சொல் அன்றைய எல்லைப் பட்டியலில் இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையிலிருந்து சென்ற பதஞ்சலி சாஸ்திரியார். பயிர் செழிக்க வேண்டுமாயின் சில தீய கிளைகளையும் பொறுத்துக்கொள்ளல் நன்று என்னும் அமெரிக்கப் பெரியார் மாடிசனின் கருத்தை அவர் அத்தீர்ப்பில் எடுத்தாண்டனர்.

அடுத்த ஆண்டில் மற்றொரு சென்னை வழக்கு முடிவுக்கு வந்தது. வகுப்புவாரி ஆணை, செம்பகம் துரைராசன் வழக்கில், 1951 ஏப்ரல் மாதத்தில் உச்சநீதிமன்றத்தாரால் வீழ்த்தப்பட்டது. தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்தது. பிற்பட்ட வகுப்பார்க்குக் கல்வியில் தனியிடம் அளிக்க வழிசெய்யும் 15(4) என்னும் உட்பிரிவைத் தந்ததும் அத்திருத்தமே. பொது அமைதி, குற்றம் செய்யத் தூண்டல், அயல்நாட்டு நட்பு என்பவற்றைப் பேச்சுரிமையின் எல்லைகளாகச் சேர்த்ததும் அத்திருத்தமே. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்த அதே கை, நம் நாவிற்கு ஒரு தாழும் இட்டது. அத்தாழ் நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் சொல்லும் அப்பொழுதே சேர்ந்தமையால், நியாயம் எது என்று ஆராயும் பொறுப்பு நீதிமன்றத்தைச் சார்ந்தது. திராவிட நாட்டுக் கோரிக்கை ஓங்கியிருந்த காலத்தில், 1963 இல், நாட்டின் இறையாண்மையும் ஒருமையும் என்னும் எல்லை பதினாறாம் திருத்தத்தாற் சேர்ந்தது.

இனி, நமக்கு நோவு தரும் ஒரு வழக்கைக் கூறுவோம். "ஒரே ஒரு கிராமத்திலே" என்னும் தமிழ்த் திரைப்படம், சாதிவழி இடஒதுக்கீடு தகாது, பொருள்நிலை நோக்கியே அது வேண்டும் என்னும் கருத்தை எடுத்துரைத்தது. இடஒதுக்கீட்டாற் பயன்பெற்ற வகுப்பாரின் சினம் இயல்பே. சென்னை உயர்நீதிமன்றத்தார் அதன் தணிக்கைச் சான்றை நீக்கினர். ஆனால் 1989 மார்ச்சு மாதத்தில் உச்சநீதிமன்றத்தார் அச்சான்றை மீட்டனர். வெடிமருந்துச் சாலையில் விழும் பொறிபோலத் தீங்கு அணித்தாய் இருந்தாலன்றிப் பேச்சை அடக்கலாகாது. ஊர்வலம் வரும், கலகம் வரும் என்னும் அச்சுறுத்தலுக்கு அஞ்சி உரிமையைக் கைவிடுதல் அரசின் கடமையன்று, பேசுவோனைக் காத்தலே அதன் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்படத்தின் கருத்தை யாம் ஒருபொழுதும் ஒப்போம். ஆயினும் அத்தீர்ப்பு நன்று என்கின்றோம். ஏன் எனின், சினங்கொண்ட கூட்டம் பெரிதாயின் வாய் மூடவேண்டும் என்பது விதியாகுமேல், எண்ணிற் சிறிய வகுப்பார் எவரும் இந்நாட்டில் தம் குறையைச் சொல்ல இயலாது. நாமும் இவ்வட்டாரம் கடந்தால் எண்ணிற் சிறியவரே.

சாதிச் சங்கங்கள் நெஞ்சிற் பதிக்கவேண்டிய வழக்கு மற்றொன்று உண்டு. தமிழாசிரியராய்ப் பணிபுரிந்த பெருமாள்முருகன் அவர்களின் "மாதொருபாகன்" என்னும் புதினம் 2010 இல் வெளிவந்தது. திருச்செங்கோட்டுப் பகுதியிற் பிள்ளைப்பேறு இல்லாத ஒரு கணவன் மனைவியின் துயரம் அதன் பொருள். நான்காண்டு அமைதியாய் விற்ற அந்நூல், 2014 டிசம்பர் மாதத்திற் கொளுத்தப்பட்டது. சாதி அமைப்புகளும் சமய அமைப்புகளும் கிளர்ச்சி செய்தன, கடையடைப்பு நிகழ்ந்தது. 2015 ஜனவரி 12 ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிக் கூட்டத்தில், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியர் கையெழுத்திட்டனர். தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்தொழிந்தான் எனவும் உலகுக்கு அறிவித்தனர்.

வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. 2016 ஜூலை 5 ஆம் நாள், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அவர்களும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அவர்களும் தீர்ப்பளித்தனர். அவ்வமைதிக் கூட்டத்து உடன்படிக்கை ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றனர். நூலின்மேலும் ஆசிரியர்மேலும் குற்ற நடவடிக்கை கோரிய மனுக்களைத் தள்ளினர். விருப்பமில்லாதவன் நூலை மூடிவைக்கலாம் என்றனர். ஆசிரியர் மீண்டெழுந்து எழுதுக என வாழ்த்தினர். அவரும் அவ்வாண்டே மீண்டும் எழுதலாயினர். கிளர்ச்சி செய்தார் பெற்றது யாது? ஓரூர்க் கடைகளில் விற்ற நூல் உலகெங்கும் அறியப்பட்டது. தம் குலத்தின் பெயரைக் காக்கப் புறப்பட்டோர், நூல் கொளுத்தினோர் என்னும் பெயரையே அதற்கு ஈட்டித் தந்தனர்.

அங்ஙனமாயின் சட்டத்தில் நமக்குக் காப்பு ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. தனி ஒருவரைப்பற்றிப் பொய்யுரைத்து அவர்தம் பெயரைக் கெடுத்தல் அவதூறு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 356 ஆம் பிரிவு அதனைக் குற்றமாக்குகின்றது. வகுப்புகளுக்கிடையே பகையை மூட்டுதல் 196 ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். சமய உணர்வைத் தீய உள்ளத்தோடு வேண்டுமென்றே புண்படுத்தல் 299 ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ஆனால் இன்னார் என்று வரையறுக்க இயலாத பெருங்கூட்டத்தின் பெயரால் அவதூறு வழக்கிடுதல் எளிதன்று. 1971 இல் சேலத்தில் நிகழ்ந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாகப் பத்திரிகைகள்மீது தொடுத்த வழக்கில், மாநாடு என்பது வரையறுத்த குழுவன்று என்று கூறி உச்சநீதிமன்றத்தார் 1972 இல் அவ்வழக்கை ஏற்க மறுத்தனர்.

நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரமோ மாநில அரசினர்க்கே உரியது. காரணத்தை எழுதி அறிவிக்கை வெளியிட்டே அவர் அதனைச் செய்தல் கூடும். அதன்மேல் இரண்டு மாதத்துள் உயர்நீதிமன்றத்தை அடையலாம். மூன்று நீதிபதிகள் ஒருங்கிருந்து ஆராய்வர். கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தாளரை இருத்திக் கையெழுத்து வாங்கும் முறை எச்சட்டத்திலும் இல்லை.

அன்பர்களே! எல்லை என்பது பிறர் நாவிற்கு மட்டும் உரியதன்று. பட்டியல் வகுப்பாரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் காணுமிடத்திற் சாதிப்பெயர் கூறி இழித்துரைத்தல் 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். நம் பிள்ளைகள் இன்று ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். பல வகுப்பாரும் பல மாநிலத்தாரும் ஒரே கம்பெனிப் பேருந்தில் அருகருகே அமர்ந்து, ஒரே கூடத்தில் உண்கின்றனர். அவர்தம் கைபேசிகளிலோ, நம் குலப்பெருமை பாடுகின்றோம் என்னும் பெயரால் அயலிருப்பவன் குலத்தை இழிக்கும் பேச்சும் பாட்டும் உலவுகின்றன. ஒரு கதைநூல் நம்மை இழித்ததென்று கொதிக்கும் நாம், நம் இளைஞர் அனுப்பும் செய்திகளைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகின்றோம். நமக்கு வேண்டும் மதிப்பைப் பிறர்க்கு நாம் தருகின்றோமா என்று இச்சங்கம் தன்னைத்தானே கேட்டல் வேண்டும்.

முன்னோர் செய்தது யாதெனின், அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நாம் கூடியிருப்பது சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். இவ்வூர்த் திருநாகேச்சரத் திருக்கோயில் அவர் எடுப்பித்தது. அநபாய சோழனுக்கு அமைச்சராயிருந்த அவர், அரசன் திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணி என்னும் சமண காவியத்தில் உள்ளந் தோய்ந்திருத்தல் கண்டு வருந்தினார் என்பது வழிவழி வரும் வரலாறு. அவர் கையில் அரசியல் அதிகாரம் இருந்தது. சிந்தாமணி ஏடுகளைத் தீயிலிட ஆணை பெறுதல் அவர்க்கு அரிதன்று. அவரோ தில்லை சென்று திருத்தொண்டர் வரலாற்றைப் பாடினார். அதனாற் பெரியபுராணம் நமக்குக் கிடைத்தது. சிந்தாமணியும் அழியாது நின்றது. அச்சமண நூலுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் சைவர். 1887 இல் அதனைச் செப்பஞ்செய்து அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் சைவர். ஒரு நூல் பிடிக்கவில்லையென்றால் அதனினும் உயர்ந்த நூல் ஒன்று செய்க என்பது குன்றத்தூர் உலகுக்குக் காட்டிய நெறி.

ஆகலின், செயற்குழுவின்முன் உள்ள தீர்மானத்தைக் கைவிட்டு, அதன் இடத்தில் நான்கு செயல்களை மேற்கொள்ளுமாறு யாம் வேண்டுகின்றோம். முதலாவது, அக்கதைநூலின் சில படிகளை வாங்கி நம் சங்க நூலகத்தில் வைத்து, உறுப்பினர் படித்தபின்னரே அதுபற்றிப் பேசுதல். இரண்டாவது, அதன்கண் வரலாற்றுப் பிழை இருக்குமேல், சான்று காட்டி நம் இதழில் மறுப்புரை வெளியிடுதல். ஆசிரியர் இசைவாராயின் அவரையும் இம்மேடைக்கு அழைத்துக் கேட்டல். மூன்றாவது, நம் குடும்பங்களிற் பெட்டிகளுள் உறங்கும் பழைய பத்திரங்களையும் ஓலைகளையும், எண்பது கடந்த முதியோர் நினைவில் உள்ள செய்திகளையும் தொகுத்து, நம் மரபின் வரலாற்றைக் குறை நிறை இரண்டும் மறையாது எழுதுவித்தல். நான்காவது, பிற வகுப்பாரை இழிக்கும் பேச்சுக்கும் பாட்டுக்கும் நம் மேடையிலும் நம் கைபேசிக் குழுக்களிலும் இடமில்லை என்று தீர்மானித்தல்.

இவற்றுள் மூன்றாவது பணி கடினம். பொருளும் காலமும் வேண்டும். ஊர்வலம் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். நூல் எழுதச் சில ஆண்டுகள் செல்லும். ஆனால் நம் பேரப்பிள்ளைகள் நம்மை அறிய விரும்பும் நாளில், அவர் கையில் இருக்கப்போவது அந்நூலே. அதற்கு வேண்டும் எழுத்துப்பணியில் எம்மால் இயன்றதைச் செய்ய யாம் காத்திருக்கின்றோம். செயற்குழுவினர் நன்கு ஆராய்ந்து முடிவுசெய்வாராக.