தஃப்தரில் எழுதிய கடன்



கணவர் மவ்த்தாகி, ஜனாஸா வீட்டை விட்டுப் புறப்படும் வேளையில், அழுது களைத்திருக்கும் மனைவியிடம் உறவுப் பெண்கள் வந்து, "மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா" என்று கேட்கும் வழக்கம் நம்மில் பல ஊர்களில் உண்டு. அவளும் தலையசைப்பாள். முப்பது ஆண்டுகள் கொடுக்கப்படாத கடன் அத்தோடு தீர்ந்ததென்று வாரிசுகள் எண்ணிக்கொள்கின்றனர்.

அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. மனைவியர் தாமாக மனமொப்பி விட்டுத் தந்ததை மட்டுமே அனுபவிக்க அனுமதிக்கிறது. மையித்தின் அருகே, நாலு பேர் பார்க்க, வெட்கத்தால் சொன்ன சொல்லை மனமொப்பிய சொல்லென எவ்வாறு கூறுவது?

மஹர் கணவனின் கருணைத்தொகை அன்று. சாட்சிகள் முன்னிலையில் தஃப்தரில் எழுதப்பட்ட கடன். அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனப்படி, கணவனுக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. இல்லையெனில் நான்கில் ஒன்று. வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே அந்தப் பங்கீடு. எட்டில் ஒன்றைக் கொடுத்தால் மஹரும் அதிலேயே அடங்கிவிட்டது என்பது தவறான எண்ணம்.

உயிரோடிருக்கும்போதே நடப்பது இன்னொன்று. வளைகுடாப் பயணத்திற்கென்றும் கடை வைப்பதற்கென்றும் மனைவியின் 15 பவுன் அடகுக்குப் போகிறது. அது கடனா, அன்பளிப்பா? கேட்பாரில்லை. அவளுடைய நகையும் சம்பாத்தியமும் தாய்வீட்டுப் பங்கும் அவளுக்கே உரியவை. நிகாஹ் அவற்றைக் கணவனின் சொத்தாக்கிவிடாது. "எழுதிக் கேட்டால் சந்தேகப்படுவது போலாகுமே" என்கிறார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியதே. கணவன் மனைவிக்கு அதில் விலக்கு ஏதும் கூறப்படவில்லை. எத்தனை பவுன், எந்தத் தேதி, எப்போது திருப்பித் தருவது என ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

பெண்ணைப் பெற்றோரே! கைக்கூலியை இலட்சங்களில் பேசிவிட்டு மஹரை 1,001 ரூபாய் என எழுதச் சம்மதியாதீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது முஸ்லிமில் உள்ளது, அது வெள்ளிக்காசு. ரூபாய் காலத்தோடு தேயும். பவுன் கணக்கில் எழுதினால் எடை குறையாது. உடனே தருவது எவ்வளவு, பின்னர் தருவது எவ்வளவு என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தலாக் நேர்ந்தால், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மஹரையும் திருமணத்தில் அவளுக்குக் கிடைத்த பொருட்களையும் அவள் கோரும்போது, அந்தப் பதிவே அவள் கையிலிருக்கும் ஆதாரம்.

மஹர் பாக்கி வைத்திருக்கும் கணவன்மார்களே, இன்று அஸருக்குப் பின் வீட்டில் அமர்ந்து அந்தக் கணக்கைப் பேசுங்கள். கடனோடு மரணிப்பதை விட்டும் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.