தொட்டிக்குள் ஒரு வாழை

அடுக்குமாடி வீட்டுக்கு மாறும் மூத்தவர்கள் சிலர் பழைய வீட்டு வாழைக்கன்றையும் கையோடு கொண்டுவருகிறார்கள். வரவேற்பறை மூலையில் வைத்து, வாழையாயிற்றே என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அங்கே வெளிச்சம் குறைவு. செடி உறிஞ்சுவதும் குறைவு. மண் சேறாகிக் கிழங்கு அழுகுகிறது. இலை மஞ்சளானதும், பாவம், தாகமென்று இன்னும் ஊற்றுகிறார்கள்!

வெயில் விழும் சன்னலோரம், அடியில் ஓட்டையுள்ள பெரிய தொட்டி, மேல்மண் காய்ந்தபின் தண்ணீர். புதிதாக வாங்குவோர் குட்டை கேவண்டிஷ் கேளுங்கள். சுமார் 2 மீட்டர்தான் வளரும். தொட்டித் தட்டிலும் மட்டை இடுக்கிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு உருவாக ஒரு வாரமே போதும். டெங்கி பக்கத்து வீட்டையும் விடாது.

குலை தள்ளுமா? வீட்டுக்குள் அரிது. ஆனால் பொங்கலன்று ஓர் இலை அறுக்கலாம். பக்கக்கன்று வந்தால் மகள் வீட்டுக்கும் கொடுக்கலாம்.