பரணில் இருக்கும் மறுபாதி



1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் முயன்று தொடங்கிய உ.வே.சா. நூல்நிலையம், தாம்பரத்து மக்களான நமக்கு எட்டும் தூரத்தில், பெசன்ட் நகரில்தான் இருக்கிறது. அங்குள்ள ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நான் கடிதங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உ.வே. சாமிநாத ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பொன்போல் காத்தவர். யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை எழுதியதும் உண்டு. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதியதும் உண்டு. 1877 முதல் 1900 வரை வந்தவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, நூல்நிலையம் 2018இல் வெளியிட்டது. சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு மூன்றும் அச்சேறிய காலம் அது. பதிப்புக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை அந்தத் தொகுதியில் பார்க்கலாம்.

ஆனால் அது உரையாடலில் ஒரு பாதிதான். ஐயர் எழுதிய பதில்கள் எங்கே?

டச்சு ஓவியர் வான்கோவின் கடிதத் தொகுப்பு 2009இல் இணையத்துக்கு வந்தது. மொத்தம் 902, அதில் 819 அவர் எழுதியவை, அவருக்கு வந்தவை வெறும் 83. அவர் தமக்கு வந்ததைச் சேர்த்துவைக்கவில்லை; தம்பி தியோ அண்ணனின் கடிதங்களைச் சேர்த்துவைத்தார். இன்று கையெழுத்துப் படம், எழுத்துப்படி, மொழிபெயர்ப்பு, குறிப்பு என எல்லாம் உலகுக்கே இலவசம். ஐயருக்கு நிலைமை நேர்மாறு. வந்தவை பத்திரமாக இருக்கின்றன. அவர் அனுப்பியவை பெற்றவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டன.

அவற்றில் சில நம் பகுதி வீடுகளிலும் இருக்கலாம். கும்பகோணத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வீடு கட்டிய குடும்பங்கள் எத்தனை! தமிழாசிரியர் வீடுகள் எத்தனை! அந்த வீடுகளைத்தான் இப்போது இடித்து அடுக்குமாடி கட்டுகிறோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

போகும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஐயருடைய கடிதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தத் தமிழறிஞர் எழுதியதானாலும் சரி. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டு பக்கத்தையும் உறையையும் அஞ்சல் முத்திரை தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள்.

படம் எடுத்ததோடு வேலை முடியாது. புள்ளி வைக்காத எழுத்து, மாதத்துக்கும் வருடத்துக்கும் போட்ட பழைய குறிகள், தமிழ் வருடப் பெயர்கள் இவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். தட்டச்சு செய்யத் தெரிந்த பிள்ளைகள் கிறித்தவக் கல்லூரியில் இருக்கிறார்கள். ஞாயிறு காலைகளில் இருவரும் ஒரே மேசையில் உட்காருங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். படியைப் பெசன்ட் நகருக்குக் கொடுத்துவிடுவோம்.